ஹாலோவீன் இரவு: எத்தனை மணி வரை கதவைத் தட்டலாம், குட்டீஸை எப்போது தூங்க வைக்கலாம்?

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன நம்ம ஊர் குடும்பங்களுக்கு முதல் வருட அக்டோபரில் இரண்டு சந்தேகங்கள் கட்டாயம் வரும். ஒன்று, முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்பது சரியா? இரண்டு, ஏழரை மணிக்குத் தூங்க வேண்டிய மூன்று வயசுக் குழந்தையை அந்த நேரத்தில் தெருவில் அழைத்துக்கொண்டு போகலாமா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: சரிதான், அன்றைக்கு மட்டும். இரண்டாவது கேள்வியில் அமெரிக்கப் பெற்றோர்களே வருடா வருடம் திணறுகிறார்கள். சூரியன் மறையும் நேரம், கடிகாரத்தை மாற்றும் சட்டம், சாலை விபத்துப் புள்ளிவிவரம், பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தை என்று எல்லாமே அதில் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹாலோவீன் என்பது என்ன?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர்கள் நாள். அதற்கு முந்தைய மாலை இது. அதற்கும் பழைய வேர் ஒன்று உண்டு. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் வாழ்ந்த கெல்டிக் மக்கள் கொண்டாடிய 'சாவின்' என்ற விழா. 19-ம் நூற்றாண்டில் அங்கிருந்து குடியேறியவர்களோடு ஹாலோவீன் வட அமெரிக்காவுக்கு வந்தது.

வேடம் போட்டு வீடு வீடாகப் போய் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று கேட்கும் பழக்கம் வட அமெரிக்காவில் 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான் பரவியது. இந்தச் சொற்றொடர் முதலில் அச்சேறியது கனடா பத்திரிகைகளில். இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரைக்கு ரேஷன் வந்ததால் பழக்கம் கொஞ்சம் அடங்கியது. போர் முடிந்ததும் சூடு பிடித்தது.

'ஏதாவது கொடு, இல்லையென்றால் குறும்பு செய்வேன்' என்பது அதன் பொருள். இன்றைக்கு அந்த இரண்டாவது பாதியை யாரும் நிஜமாக எடுத்துக்கொள்வதில்லை. நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போய்ச் சுண்டல் வாங்கி வருகிறோமே, அதுபோல ஒரு தெருவே ஒருவருக்கொருவர் வாசலைத் திறந்து வைக்கும் மாலை இது. ஒரே வித்தியாசம், இங்கே யாரும் வீட்டுக்குள் போவதில்லை. வாசற்படியோடு சரி.

பணக் கணக்கும் பெரியது. அமெரிக்க சில்லறை வணிகக் கூட்டமைப்பான என்.ஆர்.எஃப். 2023-ல் எடுத்த கருத்துக்கணிப்பின்படி, அந்த ஆண்டு ஹாலோவீனுக்கு அமெரிக்கர்கள் செலவழிக்கத் திட்டமிட்ட தொகை சுமார் 12.2 பில்லியன் டாலர். 2024-ல் இது 11.6 பில்லியன்.

கடிகாரத்துக்கும் மிட்டாய்க்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள். வசந்த காலத்தில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவது, இலையுதிர் காலத்தில் அதே ஒரு மணி நேரத்தைத் திரும்ப இழுப்பது.

2006 வரை அக்டோபர் கடைசி ஞாயிறன்றே கடிகாரம் பின்னால் போய்விடும். அதனால் ஹாலோவீன் பெரும்பாலும் 'குளிர்கால நேரத்தில்' வரும், சீக்கிரமே இருட்டிவிடும். 2005-ல் நிறைவேறிய எரிசக்திக் கொள்கைச் சட்டம் இதை மாற்றியது. 2007 முதல் நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் கடிகாரம் பின்னால் போகிறது. ஆக, இப்போது ஹாலோவீன் எப்போதுமே 'கோடைக்கால நேரத்தில்'தான் வரும்.

நியூயார்க், நியூஜெர்சி பகுதியில் அக்டோபர் 31 அன்று சூரியன் மறைவது சுமார் 5.50 மணிக்கு. பழைய முறையாக இருந்தால் 4.50-க்கே மறைந்திருக்கும். இந்தக் கூடுதல் ஒரு மணி நேர வெளிச்சம் சாலைப் பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் 'இருட்டினால்தான் ஹாலோவீன்' என்று நினைக்கும் குழந்தைக்கு, விளையாட்டு தொடங்குவதும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. தூங்கும் நேரம் மட்டும் தள்ளிப்போகவில்லை. சிக்கலே அங்கேதான்.

ஊருக்கு ஊர் இது மாறும். சிகாகோவில் அன்றைய சூரிய மறைவு சுமார் 5.45 மணி. சான் ஹோசேயில் சுமார் 6.10. டாலஸில் சுமார் 6.35. அட்லாண்டாவில் சுமார் 6.45. டாலஸில் இருக்கும் நண்பர் "ஆறு மணிக்குப் போனோம், நல்ல வெளிச்சம்" என்று சொன்னால், அதைச் சிகாகோவில் நம்பிக் கிளம்ப முடியாது.

விபத்துப் புள்ளிவிவரம் சொல்வது என்ன?

1975 முதல் 2016 வரை, 42 ஆண்டுகளின் ஹாலோவீன் மாலைகளை எடுத்து, அமெரிக்கச் சாலைகளில் பாதசாரிகள் இறந்த எண்ணிக்கையை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் வரும் அதே மாலை நேரங்களை எடுத்துக்கொண்டார்கள். குழந்தை மருத்துவ இதழான ஜாமா பீடியாட்ரிக்ஸில் வெளியான ஆய்வு இது.

முடிவு: ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் ஆபத்து 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் பார்த்தால் சுமார் 10 மடங்கு. ஆபத்து உச்சத்தில் இருந்தது மாலை 6 மணியை ஒட்டி.

இதைப் படித்துப் பதறவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். நாடு முழுவதும் சேர்த்து ஒரு ஹாலோவீனுக்குச் சராசரியாக நான்கு கூடுதல் மரணங்கள் என்பதுதான் மொத்தக் கணக்கு. பல கோடி பேர் தெருவில் இருக்கும் ஒரு மாலையில், தனி ஒரு குழந்தைக்கான ஆபத்து மிகச் சிறியது. இன்னொன்றையும் கவனிக்கணும். அந்த 42 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் பழைய நேர முறையில் கழிந்தவை. அப்போது 6 மணிக்குப் பல ஊர்களில் முழு இருட்டு.

ஆனாலும் பாடம் தெளிவு. கறுப்பு வேடம், கண்ணை மறைக்கும் முகமூடி, வேலையிலிருந்து வீடு திரும்பும் கார்கள், குறுக்கே ஓடும் குழந்தைகள். இந்த நான்கும் ஒரே நேரத்தில் சந்திக்கும்போதுதான் பிரச்சினை. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், முகமூடிக்குப் பதிலாக முகத்தில் வண்ணம் தீட்டுங்கள், உடையிலும் பையிலும் ஒளியைப் பிரதிபலிக்கும் டேப் ஒட்டுங்கள், கையில் டார்ச் கொடுங்கள், தரையில் இழுபடாத அளவில் உடை தையுங்கள் என்று சொல்கிறார்கள்.

முன்பின் தெரியாதவர் மிட்டாயில் விஷம் வைப்பார் என்ற பயம் ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸ்அப்பில் சுற்றும். டெலவேர் பல்கலைக்கழக சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுகளாக இந்தச் செய்திகளைத் தோண்டிப் பார்த்து வருகிறார். யாரோ ஒருவர் வீடு தேடி வரும் குழந்தைகளுக்கு விஷ மிட்டாய் கொடுத்து, அதனால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவத்தைக்கூட அவர் கண்டதில்லை. 1974-ல் டெக்ஸாஸில் ஒரு சிறுவன் விஷ மிட்டாயால் இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தது அவனுடைய சொந்தத் தந்தை. கவலைப்படுவதென்றால் மிட்டாயைவிட காரைப் பற்றித்தான் கவலைப்படணும்.

எட்டரை மணி: நமக்குச் சீக்கிரம், அவர்களுக்கு நடுராத்திரி

இந்த விஷயத்தில் இந்தியக் குடும்பங்கள் தெரியாமலே சறுக்கும் இடம் இது.

3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்று 17 நாடுகளில், 29,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியானது. நியூசிலாந்தில் சராசரித் தூக்க நேரம் இரவு 7.30-க்கும் கொஞ்சம் முன்னால். ஹாங்காங்கில் 10.15-க்கும் கொஞ்சம் பின்னால். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் குழந்தைகள் சீக்கிரம் தூங்குகிறார்கள். இந்தியா உட்பட ஆசிய நாடுகளில் நேரம் கழித்துத் தூங்குகிறார்கள்.

நம் வீடுகளில் அப்பா ஆபீஸிலிருந்து வந்து, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டு, குழந்தை படுக்கும்போது பத்து மணி ஆவது சகஜம். அந்தக் கணக்கில் பார்த்தால், எட்டரை மணிக்கு ஒரு வீட்டின் பெல்லை அடிப்பது தப்பாகவே தோன்றாது. ஆனால் அந்த வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை ஒரு மணி நேரமாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதைத் தூங்க வைக்க அந்த அம்மா பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

பெரும்பாலான இடங்களில் நேரத்துக்குச் சட்டம் கிடையாது; எழுதப்படாத வழக்கம்தான். ஐந்து, ஐந்தரை மணிக்குக் கைக்குழந்தைகளும் நடக்கப் பழகியவர்களும் வருவார்கள். ஆறு முதல் எட்டு வரை பள்ளிப் பிள்ளைகள். எட்டுக்கு மேல் கொஞ்சம் பெரியவர்கள். ஒன்பதுக்குப் பிறகு பெல் அடிப்பது மரியாதை இல்லை. அதுவும் மறுநாள் பள்ளி இருந்தால் எட்டரையே அதிகம்.

சில ஊராட்சிகள் நேரத்தை அறிவித்தே விடுகின்றன. ஐயோவா மாநிலத்தின் டெமாயின் நகரில் பல பத்தாண்டுகளாக அக்டோபர் 30 அன்று மாலை 6 முதல் 8 வரை என்று தனி வழக்கம் இருந்தது. 1930-களின் கடைசியில், ஹாலோவீன் இரவு அட்டகாசங்களைக் குறைக்கத் தொடங்கியது அது. அங்கே குழந்தைகள் ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய்! விர்ஜீனியாவின் செசபீக் நகரில் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் மிட்டாய் கேட்டுப் போனால் சிறைத் தண்டனை என்றே பழைய விதி இருந்தது. நாடே கேலி செய்த பிறகு, 2019-ல் வயதை 14 ஆக்கி, சிறைத் தண்டனையையும் நீக்கினார்கள். இரவு 8 மணி வரை என்ற வரம்பு தொடர்ந்தது.

தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 வரைதான் பட்டாசு என்று நேரம் குறித்த தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுக்கு இந்த நேரக் கட்டுப்பாடு புரியாத விஷயமில்லை. கொண்டாட்டம் ஒருவருடையது, தூக்கம் இன்னொருவருடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது.

வாசல் விளக்கு சொல்லும் சேதி

இந்த மாலையின் மிக முக்கியமான விதி ஒரே வரி: வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தட்டக் கூடாது. ஏன் அணைத்தார்கள் என்று யோசிக்க வேண்டாம். மிட்டாய் தீர்ந்திருக்கலாம், குழந்தை தூங்கலாம், அவர்களுக்கு இந்த விழாவில் ஈடுபாடே இல்லாமல் இருக்கலாம். உள்ளே டிவி ஓடுவது தெரிந்தாலும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவதுதான் நாகரிகம்.

கேட்டுப் போகிறவர்களுக்கு மற்ற சில வழக்கங்கள்:

- 'எடுத்துக்கோ' என்று பாத்திரத்தை நீட்டினால் ஒன்று. அவர்களே 'இன்னும் எடு' என்றால் மட்டும் இரண்டு.
- வாசலில் பாத்திரமும் 'ஒன்று எடுத்துக்கொள்ளவும்' என்ற சீட்டும் இருந்தால், பெல் அடிக்க வேண்டாம். ஆள் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.
- புல்தரையில் குறுக்கே நடக்காமல் நடைபாதையில் போகணும்.
- கதவு திறந்திருந்தாலும் உள்ளே நுழையக் கூடாது. நம் ஊரில் "உள்ளே வாங்க" என்பது உபசாரம். இங்கே, இந்த இரவில், வாசலோடு நிற்பதுதான் உபசாரம்.
- 'தேங்க் யூ' கட்டாயம். பேச்சு வராத வயதென்றால் பெற்றோர் சொல்லலாம்.

கொடுக்கிறவர்களுக்கும் சில உண்டு. வீட்டில் செய்த முறுக்கு, லட்டு, காஜு கத்லி எதையும் தெரியாத குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். எவ்வளவு அன்போடு செய்திருந்தாலும், கம்பெனி உறையில் இல்லாத தின்பண்டம் என்றால் பெரும்பாலான பெற்றோர்கள் குப்பையில்தான் போடுவார்கள். முந்திரி, பாதாம், நிலக்கடலை ஒவ்வாமை இன்னொரு காரணம். அதெல்லாம் தீபாவளிக்கு அழைக்கும் நண்பர்களுக்கு இருக்கட்டும்.

சில வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி இருக்கும். ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக ஸ்டிக்கர், பென்சில் போன்ற தின்பண்டம் அல்லாத பொருளும் இங்கே உண்டு என்று அர்த்தம். உணவு ஒவ்வாமை அமைப்பான ஃபேர் 2014-ல் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

பேசாத குழந்தை, வேடம் போடாத குழந்தை, உயரமாக வளர்ந்துவிட்ட 13 வயசுப் பையன் யார் வந்தாலும் 'உனக்கு என்ன வயசு?' என்று கேட்காமல் கொடுத்துவிடுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அந்த மூன்று வார்த்தையைச் சொல்வதே மலையாக இருக்கலாம். வேடத் துணி உறுத்தி வழியிலேயே கழற்றியிருக்கலாம்.

நம் வீட்டில் குழந்தை தூங்கினால்?

குற்ற உணர்ச்சியே வேண்டாம். பாத்திரத்தில் மிட்டாயைப் போட்டு வாசலில் வைத்து, 'குழந்தை தூங்குகிறது, பெல் அடிக்காமல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி, பெல் பட்டன் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஸ்மார்ட் பெல் என்றால் வீட்டுக்குள் ஒலிக்கும் சத்தத்தை போனிலேயே நிறுத்தி வைக்கலாம். அல்லது ஏழு மணி வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொடுத்துவிட்டு, பிறகு விளக்கை அணைத்துவிடலாம். தெருவில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒரு நாள் தூக்கம் கெட்டால் என்ன ஆகும்?

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரைப்படி, 1–2 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. 3–5 வயதுக்கு 10 முதல் 13. இந்த இரண்டிலும் பகல் தூக்கமும் அடக்கம். 6–12 வயதுக்கு 9 முதல் 12.

ஒரே ஒரு இரவு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரிய பாதிப்பு இல்லை. மறுநாள் எரிச்சல், அழுகை இருக்கும். இரண்டு, மூன்று நாளில் சரியாகும். ஆனால் எதனால் தூக்கம் வராமல் போகிறது என்பதில் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது.

எல்லோரும் சர்க்கரையைக் குறை சொல்வார்கள். 1995-ல் ஜாமா மருத்துவ இதழில், அதுவரை நடந்த கட்டுப்பாடான சோதனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதற்கு ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு சோதனையில், சர்க்கரையே கொடுக்காமல், 'உங்கள் மகனுக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்று அம்மாக்களிடம் சொன்னார்கள். அவர்கள் 'ஆமாம், ரொம்ப துறுதுறுன்னு இருக்கான்' என்றே மதிப்பிட்டார்கள். (பல்லுக்குச் சர்க்கரை கெடுதல்தான், அது வேறு கதை.)

உண்மையான எதிரிகள் பரபரப்பும் வெளிச்சமும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தூங்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டார்கள். தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பு 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆகியும் முழுதாக மீளவில்லை. 10 குழந்தைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் எல்லா லைட்டையும் போட்டு, ஹாலில் மிட்டாயைக் கொட்டி எண்ண விடுவது ஏன் வேண்டாம் என்பது இதிலிருந்து புரியும்.

அடுத்து வரும் ஞாயிறுதான் பெரிய சோதனை

ஹாலோவீன் முடிந்த ஒரு வாரத்துக்குள் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். 2025-ல் ஹாலோவீன் வெள்ளி, கடிகார மாற்றம் ஞாயிறு. 2026-ல் இன்னும் நெருக்கம்: அக்டோபர் 31 சனிக்கிழமை, அன்றிரவு விடிவதற்குள், நவம்பர் 1 அதிகாலை 2 மணிக்கே கடிகாரம் 1 மணிக்குத் திரும்பிவிடும்.

பெரியவர்களுக்கு இது இலவசமாக ஒரு மணி நேரத் தூக்கம். குழந்தைக்கு அப்படியில்லை. வழக்கமாக 6.30-க்கு எழும் குழந்தை அன்று நேரம் கழித்துப் படுத்தாலும், அதன் உடல் கடிகாரம் பழைய 6.30-ஐ ஒட்டியே எழுப்பும். சுவர் கடிகாரத்தில் அது 5.30. 'லேட்டாத்தானே தூங்கினான், எட்டு மணி வரை எழ மாட்டான்' என்ற கணக்கு இங்கேதான் தப்பாகிறது.

இதற்கு வழி: ஹாலோவீனுக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே சாப்பாடு, குளியல், தூக்கம் மூன்றையும் தினமும் 10–15 நிமிடம் தள்ளி வைப்பது. ஹாலோவீன் அன்று அரை மணி, முக்கால் மணி தாமதமாகப் படுப்பதும் அதே திசையில்தான் இருக்கும் என்பதால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். மாற்றத்துக்குப் பிறகு காலையில் சீக்கிரம் எழுந்தால், அறையை இருட்டாகவே வைத்திருங்கள். எழுந்தபின் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள்.

வார நாளில் ஹாலோவீன் வந்து மறுநாள் பள்ளி இருப்பதால், அதை அக்டோபர் கடைசி சனிக்கிழமைக்கு மாற்றக் கோரி 2018-ல் ஓர் ஆன்லைன் மனு பரவியது. தேதி மாறவில்லை. ஆனால் கடைத்தெருக்களிலும் பள்ளி, தேவாலயக் கார் நிறுத்தங்களிலும் பகலிலேயே மிட்டாய் தரும் நிகழ்ச்சிகள் பல ஊர்களில் நடக்கின்றன. நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவே தாராளம்.

குட்டீஸ் வீட்டுக்கு ஒரு மாலைத் திட்டம்

- மதியம்: பகல் தூக்கத்தை எக்காரணத்துக்கும் விடாதீர்கள். மாலை அழுகையில் பாதி அதில் தீரும்.
- 4.30: வயிறு நிறைய சாப்பாடு. தயிர்சாதமோ தோசையோ, குழந்தை சண்டையில்லாமல் சாப்பிடுவது எதுவோ அது.
- 5.15: கிளம்பலாம். உங்கள் ஊர் சூரிய மறைவு நேரத்தைப் பார்த்து, அதற்கு அரை மணி முன் வாசலைத் தாண்டுங்கள். ஒரே பக்கத் தெரு, எட்டுப் பத்து வீடு. சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிக்கணும், அல்லது ஸ்ட்ரோலரில் வைக்கணும்.
- 6.15: திரும்பிவிடுங்கள். குழந்தை 'இன்னும்' என்று சொல்லும்போதே திரும்புவது நல்லது; அழத் தொடங்கிய பிறகு திரும்புவது கஷ்டம்.
- 6.30: இரண்டு மிட்டாய் தேர்ந்தெடுக்கச் சொல்லி மீதியை எடுத்து வையுங்கள். 4 வயதுக்குக் கீழே என்றால் கடின மிட்டாய், கடலை, ஒட்டும் சூயிங்கம் எல்லாம் தொண்டையில் சிக்கும், நீங்களே எடுத்துவிடுங்கள். பல் தேய்க்க மறக்காதீர்கள்.
- 7.00: லைட்டைக் குறைத்து, குளியல், கதை, படுக்கை. வாசல் பெல்லில் சீட்டு ஒட்டியாச்சா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெங்களூரு, சென்னை அபார்ட்மென்ட்களில்?

கேட்டட் கம்யூனிட்டிகளிலும் இப்போது இது நடக்கிறது. ஆனால் நம் ஊரில் வாசல் விளக்கு எப்போதும் எரியும், அதனால் அந்தச் சைகை இங்கே வேலை செய்யாது. முன்கூட்டியே வாட்ஸ்அப் குரூப்பில் விருப்பமுள்ள ஃபிளாட்களின் பட்டியலை எடுத்து, அந்தக் கதவுகளில் மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். ஸ்டிக்கர் இல்லாத கதவைக் குழந்தைகள் தாண்டிப் போய்விடணும். வயதானவர்கள், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவர்கள், பரீட்சைக்குப் படிப்பவர்கள் எல்லோரும் அதே மாடியில்தான் இருக்கிறார்கள். சென்னையில் அக்டோபர் இறுதியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால் ஆறுக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிக்கலாம். மழை வந்தால் கிளப் ஹவுஸ் இருக்கவே இருக்கிறது.